ஐயாயிரம் வாட்ஸ்... அம்மாடியோவ்!

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ, சிதம்பரம் மேலவீதியிலோ ஆம்ப்ளிஃபயர் விற்கிற கடை வாசலில் ஒரு சாயங்காலம் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். சம்பளக் கவரின் சூடு ஆறாமல் உள்ளே நுழைகிற இளைஞர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"அண்ணே, இது எத்தனை வாட்ஸ்?"

கடைக்காரர் சளைப்பாரா? "ஐயாயிரம் வாட்ஸ் தம்பி! திருப்பாதிரிப்புலியூர்ல போட்டா தேவனாம்பட்டினம் பீச்சுல கேக்கும்!"

தம்பி பரவசமாகி பர்ஸை எடுத்துவிடுவார். தேவனாம்பட்டினம் பீச்சில் சுண்டல் சாப்பிடுகிறவருக்கு நம் வீட்டுப் பாட்டு எதற்கு என்று அவரும் கேட்க மாட்டார். இவரும் சொல்ல மாட்டார். நாலைந்து மாதச் சேமிப்பு நாலு நிமிஷத்தில் கைமாறிவிடும். அந்த நாலு நிமிஷத்துக்கு முன்னால் படிப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நெய்வேலிக்கே வேர்க்கும்!

முதலில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று. நம் வீட்டு கரண்ட் 230 வோல்ட். ஐயாயிரம் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர் வருகிறது. டி.வி., ஃபேன் மாட்டுகிற சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். அதாவது அந்த ஆம்ப்ளிஃபயர் நிஜமாகவே ஐயாயிரம் வாட்ஸ் தந்தால், பாட்டு தொடங்குவதற்குள் ஃபியூஸ் போய்விடும். ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரே பிளக்கில் மாட்டின மாதிரி. நெய்வேலி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, வாஸ்தவம். அதற்காக மொத்தத்தையும் உங்கள் ஹாலுக்கே அனுப்ப மாட்டார்கள்!

அப்புறம் அட்டைப் பெட்டியில் 5000 என்று போட்டிருக்கிறதே? பக்கத்தில் பொடி எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும், பாருங்கள். கண் இமைக்கும் நேரத்துக்கு என்ன கிடைக்கலாம் என்று கம்பெனிக்காரரே கற்பனை செய்துகொள்ளும் கணக்கு அது. இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு பொது விதி கிடையாது. அதனால் அவரவர் மனசு எவ்வளவு பெரிசோ, நம்பரும் அவ்வளவு பெரிசு. நீங்கள் தேட வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற நம்பர். தொடர்ந்து, ஒழுங்காக எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சொல்வது அதுதான். அதையும் 'ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு' என்று சேர்த்துக் கேளுங்கள்.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்க லேபிளையும் படியுங்கள். 'பவர் கன்ஸம்ப்ஷன் 60 வாட்ஸ்' என்று இருந்தால், அறுபதை வாங்கிக்கொண்டு ஐயாயிரத்தைத் தருகிற வித்தையை அந்தக் கம்பெனி கண்டுபிடித்திருக்க வேண்டும். அப்படியானால் அவர்கள் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு மின்வாரியத்துக்கே கரண்ட் விற்கலாம்! நல்ல கம்பெனிகள் சில இந்த லேபிளைச் சராசரி உபயோகத்துக்குப் போடுவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அறுபதுக்கும் ஐயாயிரத்துக்கும் இடையே இருப்பதை 'முன்னே பின்னே' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, எவ்வளவு போதும்?

சாதாரணமாக வீட்டு ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 88 டெசிபல் சத்தம் தரும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். ஆக 2 வாட்டில் 91, நாலில் 94, எட்டில் 97, பதினாறில் 100. நீங்கள் உட்காருகிற இடம் இன்னும் தள்ளி இருப்பதால் அங்கே கொஞ்சம் குறையும். இருந்தாலும் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து பாட்டுக் கேட்க இரண்டு, மூன்று வாட்ஸே ஜாஸ்தி.

"அப்ப ஐம்பதுக்கு பதிலா நூறு வாட்ஸ் வாங்கினா டபுள் சத்தம் வராதா சார்?"

வராது. அதே 3 டெசிபல்தான். காதுக்கு டபுள் என்று தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஐம்பது, நூறு சண்டைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறவர், அந்த வித்தியாசத்தைக் காது கொடுத்துத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பின்னே எதற்கு இருபது, முப்பது வாட்ஸ்? தவிலில் ஓர் அடி விழுகிறதே, அந்த ஒரு கணத்துக்கு. சராசரி சத்தத்தைப் போலப் பல மடங்கு சக்தி அப்போது தேவைப்படும். கையிருப்பு இல்லாத ஆம்ப்ளிஃபயர் அங்கே திணறி, தவிலைத் தகர டப்பாவாக்கிவிடும்.

இதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி ஒன்று உண்டு. 'நாட்' கம்பெனி 1978-ல் கொண்டுவந்த 3020 என்ற ஆம்ப்ளிஃபயர். பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான், விலையும் குறைவு, முகமும் சுமார். ஆனால் தேவைப்பட்ட கணத்தில் தம் பிடித்துக் கொடுக்கும் தெம்பு உள்ளே இருந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்று என்று அது பெயர் வாங்கியது. அதே 1978-ல்தான் நம் ஊரில் இளையராஜாவின் 'பிரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்து காதைத் திறந்தன. இருபது வாட்ஸில் உலகமே பாட்டுக் கேட்டிருக்கிறது. நமக்கு மட்டும் ஐயாயிரமா?

மூடியைக் கழட்டுங்கண்ணே!

நம் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் என்றாலே பாதிப் பேருக்கு 'அசெம்பிள் செட்'தான். சென்னை ரிட்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்து, ஊர் மெக்கானிக் பூட்டித் தருவது. மட்டம் என்று நினைக்காதீர்கள். ரிப்பேர் வந்தால் அடுத்த தெருவிலேயே ஆள். பார்ட்ஸும் உடனே கிடைக்கும். நேர்மையாகப் பூட்டினால் கொடுத்த காசுக்கு இதைவிட நியாயமான சாமான் கிடையாது. கஷ்டம் எல்லாம் அந்த 'நேர்மையாக' என்ற வார்த்தையில்தான்.

உதாரணமாக, டீக்கடை முதல் டிராக்டர் வரை பாடிக்கொண்டிருக்கும் 4440 ஐ.சி. இதைத் தயாரித்த சான்யோ கம்பெனியே கொடுத்த கணக்கு: ஸ்டீரியோவாகப் போட்டால் பக்கத்துக்கு 6 வாட்ஸ், மொத்தத்தையும் ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 19 வாட்ஸ். அதை 'நூறு வாட்ஸ் போர்டு' என்று யாராவது நீட்டினால், சிரித்துக்கொண்டே டீக்குச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரை வைத்தும் உண்மையைக் கறக்கலாம். '12-0-12' டிரான்ஸ்ஃபார்மர் என்றால், டி.சி. ஆன பிறகு பக்கத்துக்குச் சுமார் 17 வோல்ட். வழியில் கொஞ்சம் கழிந்து, 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டு வாட்ஸ் அளவில் கிடைக்கும். 24-0-24 என்றால் ஐம்பதைத் தொடலாம். போர்டு என்ன பெருமை அடித்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் படியளப்பதுதான் சாப்பாடு.

ஆகவே கூச்சப்படாமல், "மூடியைக் கழட்டிக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். பெண் வீட்டார் மாதிரி பெருமையாகவே காட்டுவார். டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்கிறதா? ஐ.சி.யோடு பூட்டின அலுமினிய ஹீட் சிங்க் பெரிதாக இருக்கிறதா, பிஸ்கட் துண்டு மாதிரி இருக்கிறதா? கண்டென்சர்கள் குண்டாக நிற்கின்றனவா? முன்பக்கம் டான்ஸ் ஆடுகிற நீல விளக்குக்குக் காது கிடையாது; அந்தக் காசை டிரான்ஸ்ஃபார்மரில் போடச் சொல்லுங்கள். பழைய எஸ்.டி.கே. வகை ஐ.சி. போட்டிருந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரியுங்கள். அதில் டூப்ளிகேட் ஏராளம்.

டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு பெட்டி

இப்போது கையடக்கமாக 'கிளாஸ்-டி' என்று ஒரு வகை வந்திருக்கிறது. கனம் இல்லையே என்று ஒதுக்காதீர்கள். பழைய வகை, வாங்கும் கரண்டில் பாதியளவு வெந்நீர் போடுகிற மாதிரி சூடாக்கித் தள்ளும். இது பெரும்பகுதியைப் பாட்டாகவே தந்துவிடுவதால் பெரிய ஹீட் சிங்க் தேவையில்லை. டி.பி.ஏ. 3116 என்ற ஐ.சி. இதில் பிரபலம். 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மாட்டினால் பக்கத்துக்கு 50 வாட்ஸ் தரக்கூடியது.

சூட்சுமம் அடாப்டரில் இருக்கிறது. கூடவே இலவசமாக வருவது '12 வோல்ட், 2 ஆம்பியர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 24. மொத்தமே 24 வாட்ஸ்தான்! பெட்டியில் '50+50' என்று எழுதியிருப்பது, 'நல்ல அடாப்டர் போட்டால்' என்ற அர்த்தத்தில். அடாப்டரையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் யமஹா, டெனான் போன்றவர்களின் சாதாரண ஸ்டீரியோ மாடல்கள் பல வருஷம் உழைக்கும். வாரண்டி கார்டில் இந்திய முகவரி இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால் இன்னும் உஷார்! துபாய், சிங்கப்பூர் சாமான் நம் வோல்டேஜுக்குச் சரிப்படும். அமெரிக்கச் சாமான் சுமார் 120 வோல்ட், ஜப்பான் சாமான் 100 வோல்ட். அப்படியே மாட்டினால் முதல் பாட்டே முடிவுப் பாட்டு. கல்யாண மைக்செட் ஆம்ப்ளிஃபயர் சல்லிசாக வருகிறதே என்றும் சபலப்படாதீர்கள். அது பந்தலில் பத்து ஹாரனைக் கத்த வைக்கச் செய்தது. வீணையின் கமகத்தைக் காட்டச் செய்ததல்ல.

காதுதான் நீதிபதி

சிதம்பரத்துக்காரர்களுக்குக் காதைப் பற்றிப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. 1981-லிருந்து நாட்டியாஞ்சலி நடக்கிற ஊர். தண்டபாணி தேசிகர் தலைமை ஏற்றிருந்த இசைத்துறை கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அந்தக் காதைக் கடைக்கு எடுத்துப் போனால் போதும்.

உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டுகளை போனில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் 'டம் டம்' சி.டி. வேண்டாம். ஒரு பாட்டில் பின்னணியில் தம்புராவோ வயலினோ மெல்லிசாக இருக்கட்டும். அது தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, வால்யூமைக் கூட்டி, ஸ்பீக்கரில் காது வையுங்கள். 'ஹ்ம்ம்ம்...' என்று தேனீ கூடு கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைகளில் ஒரு பழைய தந்திரம் உண்டு. விற்க நினைக்கிற செட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்கள். சத்தம் கூடினது எதுவும் காதுக்கு உசத்தியாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேட்டால் பல 'உசத்தி'கள் இறங்கி வந்துவிடும்.

முக்கியமான ஒன்று: கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு. பத்தாயிரம் என்றால் ஆறாயிரம் ஸ்பீக்கர், நாலாயிரம் ஆம்ப்ளிஃபயர். பாடுவது ஸ்பீக்கர்தான்; ஆம்ப்ளிஃபயர் பக்கவாத்தியம். நாலு ஓம்ஸ் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாக ஒரே முனையில் இணைத்துவிடாதீர்கள். அது 2 ஓம்ஸ் ஆகி ஆம்ப்ளிஃபயரைக் கருக்கிவிடும்.

உப்புக் காற்றும் எம்ப்ராய்டரித் துணியும்

கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் கடல் காற்றின் உப்பு, மனுஷன் தோலை மட்டுமா பார்க்கிறது? வால்யூம் திருகும்போது 'கரகர', ஒரு பக்க ஸ்பீக்கர் திடீர் மௌன விரதம்... இதெல்லாம் முனைகளில் படிகிற களிம்பால்தான். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்று வாங்கி வையுங்கள். ஒயரைத் திருகி மாட்டுகிற உறுதியான டெர்மினல் உள்ள செட்டாகப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையே பிடுங்குங்கள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பக்க ஓட்டைகள் வழியாகப் பல்லி உள்ளே போகும். ஷார்ட் ஆனால் பல்லியும் காலி, போர்டும் காலி. கம்பி வலை ஒன்று போதும்.

வீட்டில் அம்மாவிடம் ஒரு வேண்டுகோளும் வைக்க வேண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபயர் வந்த மறுநாளே எம்ப்ராய்டரித் துணி போர்த்தி, மேலே தலையாட்டி பொம்மை வைத்துவிடுவார். அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். பொம்மையை டி.வி. பக்கம் குடியேற்றுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் சட்டைப் பையில்...

• பி.எம்.பி.ஓ. நம்பரைப் படிக்காதே, ஆர்.எம்.எஸ். கேள்.
• பக்கத்துக்கு நேர்மையான 20, 30 வாட்ஸ் வீட்டுக்குப் போதும்.
• மூடியைக் கழற்றிப் பார். அடாப்டரைப் பெருக்கிப் பார்.
• பாதிக்கு மேல் பணம் ஸ்பீக்கருக்கு.
• வீட்டில் மாட்டும்போது இரண்டு பக்கமும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறினால் பேஸ் காணாமல் போய், பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.
• ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள். ஷோகேஸுக்குள் ஒன்று, பீரோ மேல் ஒன்று என்று வைத்தால் ஸ்டீரியோவுக்குக் கொடுத்த காசு தண்டம்.

கடைசியாக, சட்டம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அனுமதி. உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே 88 தருகிறது என்று பார்த்தோம். ஆக, ஐயாயிரம் வாட்ஸ் வாங்கினாலும் நீங்கள் நிம்மதியாகக் கேட்கப்போவது அந்த முதல் இரண்டு வாட்ஸைத்தான். அந்த இரண்டு வாட்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மிச்சம் 4998-ஐக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பக்கத்து போர்ஷன் மாமா உங்களை வாழ்த்துவார்!