நண்டுக் கணக்கைச் சிங்கப்பூரில் வைக்கலாமா?

2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கம் தன் மின்னஞ்சல்களில் மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்குரியவற்றை இழந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரை வந்ததும் போனதும் அழிந்தன. கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. அவை இருந்த இடத்தின் பெயர் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட். மின்னஞ்சலை இயக்கியது மைக்ரோசொஃப்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குக் கொடுத்துவந்த ஆதரவை அந்த நிறுவனமே 2023 ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. அந்த மூன்று மாதங்களுக்குக் காப்புப் பிரதியும் இருக்கவில்லை.

கணக்கை இணையத்தின் வழியே வேறொருவரின் சேர்வரில் வைக்கும் கிளவுட்டுக்கு மாறலாமா என்று மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டு நண்டு வியாபாரி ஒருவர் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

அவருடைய தொழிலின் உயிர் ஒரு கொப்பியில் இருக்கிறது. கரையில் நண்டு நிறுக்கும்போதே ஈரக் கையோடு எழுதுவது அது. இன்னாருக்கு எத்தனை கிலோ, பெரிது எவ்வளவு, சிறிது எவ்வளவு, வலைக்கும் எஞ்சினுக்கும் கொடுத்த முற்பணத்தில் இன்று கழித்தது எவ்வளவு, கொம்பனிக்குப் போன பெட்டி எத்தனை. தராசும் றெஜிபோம் பெட்டியும் தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம். முற்பணக் கணக்கு தொலைந்தால் வாய்ச்சண்டைதான் மிச்சம்.

மழைக்கு நனையும் கொப்பியைவிடக் கிளவுட் பத்திரம்தான். அதில் சேரும் ஒவ்வொரு வரியும் பொதுவாக வெவ்வேறு கட்டடங்களில் உள்ள பல வட்டுகளில் ஒரே நேரத்தில் பதியப்படுகிறது. ஒரு வட்டு செத்தால் மற்றது கொடுக்கும். சேமித்த பொருள் ஓர் ஆண்டில் அழியாமலிருக்கும் வாய்ப்பு 99.999999999 சதவீதம் என்ற கணக்கில் தன் சேமிப்பை வடிவமைத்திருப்பதாக அமேசான் சொல்கிறது. ஆனால் இந்த ஒன்பதுகள் எல்லாம் இயந்திரக் கோளாறுக்குத்தான். மருமகன் தவறுதலாக ஒரு பக்கத்தை அழித்தால் அந்த அழிப்பும் எல்லாப் பிரதிகளுக்கும் உடனே போய்ச்சேரும். கப்பக்காரன் பூட்டினாலும் அப்படியே. பிரதிகள் பல இருப்பது வேறு, நேற்றைய நிலையை வேறோர் இடத்தில் தனியே வைத்திருப்பது வேறு. இதைப் பெரிய அரசாங்கங்களே தவறவிடுகின்றன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் சேமிப்பு அழிந்துபோனது. அளவு பெரிது என்று வெளியில் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை.

தூரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கிளவுட் சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால், அது இங்கிருந்து சுமார் 2,800 கிலோமீற்றர். போய்வர 28 மில்லிசெக்கன். கேபிள் சுற்றிப்போவதால் இரட்டிப்பானாலும் நண்டு நிறுப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இணைப்பு அறுந்தால்தான் தெரியும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதில் நாடு முழுவதும் இருண்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் மொத்தம் 103.5 மெகாவாற் தரும் ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பது நிற்கின்றனவே என்று கேட்கலாம். அந்த வகை மின்பிறப்பாக்கிகள் மின்வலையின் அதிர்வெண்ணைப் பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்பவை. வலை விழுந்தால் காற்று எவ்வளவு அடித்தாலும் நிற்கும். தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரி சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். நண்டோ காத்திருக்காது. ஆகவே இணைப்பில்லாமலும் கைபேசியில் எழுத இடம் தந்து, இணைப்பு வந்ததும் தானே மேலே அனுப்பும் செயலி மட்டுமே கரைக்குச் சரிவரும். எதற்கெடுத்தாலும் இணையம் கேட்கும் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. கிளவுட் கட்டணம் டொலரில், நண்டுக்கு வரும் காசு ரூபாவில் என்றால் அந்த அடி நேரே வியாபாரியின் தலையில்தான் விழும். சோளகம் பலமாக அடித்துத் தொழில் படுத்த மாதங்களிலும் பில் வரும். மென்பொருள் நிறுவனங்களே கிளவுட் செலவைப் பார்த்து மனம் மாறியிருக்கின்றன. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் 2022இல் கிளவுட்டுக்கு 32 இலட்சம் டொலர் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தமாகச் சேர்வர்கள் வாங்கிக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. வேலை ஒரே சீராக இருந்தால் சொந்த இயந்திரம் மலிவு, ஏறி இறங்கினால் வாடகை மலிவு என்பது அவர்கள் அனுபவம். கரை வியாபாரியின் கணக்கோ ஒரு கைபேசிக்குள் அடங்குவது. அதற்குச் சேர்வர் வாங்குவது வீண்.

என் கணிப்பில் அவர் மாறலாம். கணக்கு கிளவுட்டில் இருக்கட்டும். கிழமைக்கு ஒரு முறை முழுக் கணக்கையும் எக்ஸெல் கோப்பாக இறக்கி, பென்ட்ரைவில் போட்டு, கழற்றி, வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். அப்படி இறக்க விடாத செயலி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கணக்கைத் திறக்கும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் செயலியைப் போட்டுத்தந்த பொடியனுடையதாக இல்லாமல் தன்னுடையதாக இருக்க வேண்டும். மற்றவர்களின் கடன் விவரம் அது என்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறக்கலாகாது.

காசு கட்டுமுன் ஒரு பரீட்சை வைக்கலாம். பத்து நாள் கணக்கை ஏற்றி, கைபேசியை அணைத்துவிட்டு, மனைவியின் கைபேசியில் ஒரு தொழிலாளியின் முற்பண மிச்சத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கொப்பியில் உள்ள தொகையும் அதுவும் ஒன்றாக இருந்தால் முதல் மாதப் பணத்தைக் கட்டலாம்.