ஒட்டாத பலகை உயரே எழுவது எப்படி?
2020-இல் பாஃப்டாவுக்குப் பரிந்துரையான ‘கமலி’ குறும்படத்தில் மாமல்லபுரத்துச் சிறுமி ஓட்டும் ஸ்கேட்போர்டில் காலைக் கட்டும் வார் கிடையாது. பிறகு, கையால் பிடிக்காமல் பலகையோடு எம்பும் ‘ஆலி’ அடிக்கும்போது பலகை எப்படிக் கூடவே துள்ளுகிறது? 1970-களின் இறுதியில் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் கண்ட வித்தை இது.

பின்கால் பலகையின் பின்முனையான வாலை மிதிக்க, பின்சக்கரங்களை அச்சாகக் கொண்டு முன்பக்கம் நிமிரும்; வால் தரையில் ‘டக்’கென மோத, எதிர்விசையில் பலகை துள்ளும். முன்காலின் ஷூ ஓரம் உப்புத்தாள்போன்ற மேற்பரப்பில் உரசி ஏறும். அந்த உராய்வு பலகையை இன்னும் மேலே இழுக்கும். பிறகு முன்கால் முன்முனையான மூக்கை அழுத்த, வாலும் எழுந்து பலகை சமமாகும்.

உயரம் போதவில்லையா? பலர் வாலை இன்னும் ஓங்கி மிதிப்பார்கள். வீண்வேலை! நன்றாகக் குனிந்து, முதலில் உடம்பு எம்ப வேண்டும். வாலை அடித்த பின்காலைச் சட்டென எடுக்காவிட்டால் பலகை அதன் கீழே மாட்டிக்கொள்ளும். உடல் எம்பும் உயரத்துக்கோ எல்லை உண்டு. மிச்சத்தைத் தருவது, நெஞ்சுவரை மடங்கும் முழங்கால்கள்தான்.