சொன்னது யார் காதுக்குப் போகும்?

பாப்பிரெட்டிப்பட்டியில் தருமபுரி பேருந்து ஏறுகிறவர் எதற்காகப் போகிறார் என்பது, அவர் இறங்குவதற்குள் பாதிப் பேருந்துக்குத் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்துத் தெருக்காரர் பார்த்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பழைய காயத்தைச் சொல்லத் தயங்குகிறவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் இங்கேயுள்ள வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? புகாரைக் கேட்கவேண்டிய துறைகளே குற்றம் செய்திருந்தன. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதுவரை அந்தப் பெண்கள் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்குக்கு அது தேவை. ஆனால் சாட்சிக்கூண்டில் குறுக்கு விசாரணைதான் நடக்கும், காயம் ஆறாது.

சொல்வது எப்போது ஆற்றும்? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்கள் வாழ்வின் கொடிய அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. எழுதியது வெளியே போகாது என்ற உறுதி அங்கே இருந்தது. ஆபத்து தீரவில்லை என்று உடல் நம்பும்வரை நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அந்த நிலையில் கதையைப் பிடுங்கினால் காயம் மறுபடி திறக்கும். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் முதல் படியாகப் பாதுகாப்பையே வைக்கிறார். நினைவைப் பேசுவது அதற்கப்புறம்தான். ரகசியம் காப்பதும் மருந்தில் ஒரு பாதி.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. விதிவிலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, உயர் நீதிமன்ற உத்தரவு போன்றவை. நோயாளி தன் சார்பில் நியமித்தவருக்கும், சிகிச்சையில் இருக்கும் மற்ற மருத்துவர்களுக்கும் விவரம் போகலாம். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும்; மறைத்தால் 6 மாதம் வரை சிறை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. வக்கீலிடம் சொன்ன ரகசியத்துக்கு நம் சாட்சியச் சட்டம் தரும் காப்பு, மருத்துவரிடம் சொன்னதற்கு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-இலேயே மனநல சிகிச்சையாளருக்கு அந்தக் காப்பைக் கொடுத்துவிட்டது. நம் சட்டத்தில் இது பெரிய ஓட்டை என்றே சொல்வேன்.

ஆகவே மருத்துவரிடம் போகும் முதல் நாள் கதையை எடுக்காதீர்கள், கேள்வியை எடுங்கள். “நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? யார் படிப்பார்கள்? எதை வெளியே சொல்லவேண்டி வரும்?” முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தொடருங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை. பேருந்து ஏறவே மனமில்லை என்றால் 14416 இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ், 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லாமல்.