அறிவின் ஊதியம்

சர்வகலாசாலைப் பேராசிரியருக்குக் கற்பித்தலும் ஆராய்ச்சியுமே கடமைகள். ஆயினும், விஞ்ஞானியின் அறிவுக்கு விரிவுரை மண்டபத்துக்கு வெளியேயும் விலையுண்டு. நீரைப் பரிசோதிக்க நகரசபையும், ஆலை அமைக்கக் கைத்தொழிலதிபரும், உண்மையறிய நீதிமன்றமும் அவரை நாடுவதுண்டு. இவ்வழி வரும் பொருளை அவர் ஏற்றல் தகுமா? மூவர் வரலாறு இதற்கு விடை பகரும்.

வில்லியம் தொம்சன், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்டவர், 1846 முதல் 1899 வரை கிளாஸ்கோவிற் பௌதிகப் பேராசிரியராயிருந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தினடியில் இட்ட தந்தி வடத்தின் மறுமுனைக்கு மின்னோட்டம் நலிந்தே வந்து சேரும். அதனை அறிதற்பொருட்டு, சிறு காந்தம் பொருத்திய கண்ணாடியொன்றை அவர் பட்டுநூலில் தொங்கவிட்டார். கண்ணாடி சிறிதே அசையினும், அதிற் பட்டுத் தெறிக்கும் ஒளிப்பொட்டு பெரிதும் நகரும். இக்கருவிக்கு 1858இல் ஆக்கவுரிமை பெற்றார். அவ்வாண்டு இட்ட வடம் சில வாரங்களிற் பழுதுற்றது. 1866இல் முயற்சி நிலைபெற்றது. பின்னர் ஆக்கவுரிமைப் பணமும் ஆலோசனை ஊதியமும் பெருகின. 1870இற் சொந்தமாகப் பாய்க்கப்பலொன்றும் வாங்கினார். எனினும், கற்பித்தலைக் கைவிட்டாரல்லர்.

மைக்கேல் பரடே வேறு வழி சென்றார். இரசாயனப் பரிசோதனைகளாலும் ஆலோசனைகளாலும் நல்ல வருவாய் ஈட்டிவந்த அவர், 1831இல் மின்தூண்டலைக் கண்டபின் அவ்வருவாயிற் பெரும்பகுதியைத் துறந்தார். பொருள் தீதென்று கருதியன்று. ஆராய்ச்சிக்குரிய நேரத்தை அது விழுங்கியமையாலேயே. ஆயினும், 1836 முதல் கலங்கரை விளக்கங்கள் பற்றி ஆலோசனை வழங்கிச் சிறு ஊதியம் பெற்றார்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹரி ஸ்டீன்பொக், உணவிற் புறவூதாக் கதிர் படின் விற்றமின் டி உண்டாகுமென 1920களிற் கண்டார். குழந்தைகளின் எலும்பை வளைக்கும் நோயை இது தடுக்கவல்லது. தம் பணம் 300 டொலர் செலவிட்டு ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த அவர், அதைத் தனி நிறுவனத்துக்கு விற்றாரல்லர். 1925இல் அமைந்த ஆராய்ச்சி நிதியம் அதனை ஏற்றது. வருவாயிற் பெரும்பகுதி சர்வகலாசாலை ஆராய்ச்சிக்கே சென்றது.

எனவே, மேலதிக வருவாய் இழுக்கன்று. அதனை மறைப்பதே இழுக்கு. இன்று பல சர்வகலாசாலைகள் முன்னனுமதி பெறுதலையும், வெளிப்பணிக்குரிய நாள்களை வரையறுத்தலையும், பெற்ற பணத்தை வெளிப்படுத்தலையும் விதித்துள்ளன. மருந்து நிறுவனமொன்றிடம் ஊதியம் பெற்றவர், அதனை மறைத்து அந்நிறுவனத்தின் மருந்துக்கே நற்சான்று கூறின், அச்சொல்லை நம்பும் நோயாளியே கேடுறுவான். விஞ்ஞானி தம் உழைப்பை விற்கலாம், உத்தியையும் விற்கலாம். தீர்ப்பை மட்டும் விற்றலாகாது.