கிணற்றடி மின்பம்பியும் கம்பியின் தடையும்

வீட்டிலிருந்து கிணற்றடிக்கு மின்சாரத்தைக் கொண்டுசென்று, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீரிறைக்கும் கமக்காரரிடையே ஒரு முறைப்பாடு அடிக்கடி எழுகின்றது. பம்பி புதியது, கிணற்றில் நீரும் உண்டு, எனினும் ஆளியை இட்டவுடன் மோட்டர் உறுமுகின்றதேயன்றிச் சுழல்வதில்லை. சில நாள்களில் அதன் சுருள் கருகிவிடுகின்றது. மோட்டரைச் செய்தவர்மீது பழி சுமத்துமுன் கம்பியைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

மின்னைத் தள்ளும் அழுத்தம் வோல்ற்றிலும், ஓடும் அளவு அம்பியரிலும் அளக்கப்படும். வோல்ற்றை அம்பியரால் வகுக்கத் தடை ஓமில் வரும். 1827 ஆம் ஆண்டில் இத்தொடர்பை நூலாக வெளியிட்ட ஓம் என்னும் சேர்மனிய அறிஞரின் பெயரே இவ்வலகுக்கு இடப்பட்டது. வோல்ற்றை அம்பியரால் பெருக்க வலு உவாற்றில் வரும். ஆனால் மோட்டரில் இப்பெருக்கம் உண்மை வலுவிலும் கூடுதலாகக் காட்டும். அங்கு தகட்டில் பொறித்த உவாற்றையே கொள்ளல் வேண்டும்.

வாய்க்காலில் நீர் சுவறிக் குறைவதுபோலக் கம்பியில் ஓட்டம் குறைவதில்லை, குறைவது அழுத்தமே. கிணறு வீட்டிலிருந்து 100 மீற்றர் தொலைவில் உள்ளதெனக் கொள்வோம். போதலும் மீளலுமாகக் கம்பி 200 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 2.4 ஓம். ஒரு பரிவலு மோட்டர் 6 அம்பியர் எடுப்பின், ஓட்டத்தை அதனாலேயே பெருக்கித் தடையாலும் பெருக்க, 86 உவாற்று வலு கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிகின்றது. நாள்தோறும் நான்கு மணிநேரம் இறைத்தாலும் இது ஓர் அலகில் மூன்றிலொரு பங்களவே, பணநட்டம் பெரிதன்று.

கேடு தொடக்கத்திலேயே உள்ளது. சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டர் வழக்கத்தின் பன்மடங்கு ஓட்டத்தை இழுக்கும். 25 அம்பியர் ஓடுமாயின் கம்பியில் 60 வோல்ற்று வரை இழக்கப்படலாம். 230 வோல்ற்றில் எஞ்சுவது 170. சுழற்றும் விசையோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், ஏறக்குறையப் பாதியாகிவிடும். சுழலாத மோட்டர் அப்பெரிய ஓட்டத்தை விடாது இழுத்துக் கருகுகின்றது. 4 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் தடை 0.92 ஓம் மட்டுமே. இழப்பு 23 வோல்ற்றைத் தாண்டாது. மெல்லிய கம்பியே போதுமென விற்பவர் கூறலாம். சுருளை மீளச் சுற்றும் கூலியை அவர் கொடுப்பதில்லை.

கம்பி தடிப்பாயிருந்தும் மோட்டர் தயங்கின் மூட்டுகளை ஐயுறல் வேண்டும். இதனைத் தகுதிபெற்ற மின்வேலையாளரைக் கொண்டே சோதிப்பிக்க. மோட்டருக்குப் பதிலாக 1,000 உவாற்று அளவான கேத்தலொன்றைக் கிணற்றடியில் இணைத்து, ஓட்டத்தையும் இரு முனை வோல்ற்றையும் அவர் அளப்பார். முற்கூறிய மெல்லிய கம்பியில் வீட்டில் 230, கிணற்றடியில் 215, ஓட்டம் 5 அம்பியர் எனின், இழந்த 15 ஐ 5 ஆல் வகுக்கத் தடை 3 ஓம். கம்பிக்குரியது 2.4 ஓமே. மிகுதி 0.6 ஓம் பெரும்பாலும் முறுக்கிச் சுற்றிய மூட்டொன்றிலேயே ஒளிந்திருக்கும். அச்சிறு இடத்தில் 15 உவாற்று வெப்பம் பிறந்து, மேலுறையை உருக்கும். மழைக்காலத்தில் ஈர வரம்பில் நிற்பவருக்கு அவ்விடம் உயிராபத்தாகும்.

மின்னை முற்றாகத் துண்டித்தபின் அம்மூட்டை வெட்டி நீக்கி, நீர்புகாப் பெட்டியினுள் இறுக்காணியால் பிணைப்பித்தல் வேண்டும். மறுமுறை அளக்கும்போது கிணற்றடியில் 218 வோல்ற்று நிற்குமாயின் பழுது நீங்கியதெனக் கொள்ளலாம்.