விலக்களித்தலும் விலக்கி வைத்தலும்

உடற்குறையுடையோரைப் பற்றி இஸ்லாம் கூறுவது யாது என்று வினவினால், நம்மில் பெரும்பாலோரிடமிருந்து இரண்டு விடைகள் கிடைக்கும். உடற்குறை இறைவனின் சோதனை, அதைப் பொறுமையோடு ஏற்பவருக்கு நற்கூலி உண்டு என்பது ஒன்று. மார்க்கக் கடமைகளில் அவருக்குச் சலுகை உண்டு என்பது மற்றொன்று. இரண்டும் சரியான விடைகளே. எனினும் இவ்விரண்டோடு நின்றுவிடும்போது, பொறுமை அவருடைய பங்காகவும் இரக்கம் நம்முடைய பங்காகவும் ஆகிவிடுகின்றன. அவர் செய்யக்கூடிய பணி என்ன என்னும் கேள்வியே எழாமற் போகிறது. மார்க்கம் அளித்த சலுகை, சமூகத்தின் கையில் புறக்கணிப்பாக மாறிவிடுகிறது.

பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகிய மூவர் மீதும் குற்றமில்லை என்னும் கருத்துத் திருக்குர்ஆனில் இரண்டு இடங்களில் வருகிறது. அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 17-ஆம் வசனம் போர்க்கடமையைப் பற்றியது. அங்கே அது சுமையைக் குறைக்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் 61-ஆம் வசனமோ உணவருந்துவதைப் பற்றியது. உடற்குறையுடையோருடன் ஒன்றாக அமர்ந்து உண்ண அக்கால மக்கள் தயங்கினர் என்றும், அத்தயக்கத்தை நீக்கவே இவ்வசனம் அருளப்பெற்றது என்றும் விரிவுரையாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று கூறுகிறது. இவ்விளக்கத்தின்படி, முதல் வசனம் அவர்களைச் சுமையிலிருந்து விடுவிக்கிறது. இரண்டாம் வசனம் அவர்களைச் சமூகத்தின் உணவு விரிப்பில் அமர்த்துகிறது. விலக்களிப்பது வேறு, விலக்கி வைப்பது வேறு என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது உணரலாம்.

மதீனாவின் விடியற்குரல்

இவ்வேறுபாட்டுக்கு வாழும் சான்றாக விளங்கியவர் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் உறவினர், பார்வையற்றவர். மக்காவில் குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, மார்க்க அறிவை நாடி இவர் இடையே வந்தார்கள். தலைவர்களின் உள்ளத்தை வென்றுவிட வேண்டும் என்னும் ஆர்வத்தில் இருந்த நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள். அபஸ என்னும் 80-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அதைச் சுட்டியே அருளப்பெற்றன. தேடி வந்தவரை விட்டுவிட்டுத் தேவையில்லை என்றிருப்பவர் மீது கவனம் செலுத்துவது தகாது என்பதே அவற்றின் சாரம். அங்கே இரக்கம் காட்டும்படி சொல்லப்படவில்லை. அறிவைத் தேடி வந்த ஒருவருக்குரிய உரிமையே நினைவூட்டப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தவை இன்னும் கருதத்தக்கவை. ஹிஜ்ரத்துக்கு முன்னரே மதீனா சென்று, முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களோடு அம்மக்களுக்குத் திருக்குர்ஆனைக் கற்பித்தவர் இவரே. நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே செல்ல நேர்ந்தபோது, தொழுகை நடத்தும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்ததுண்டு. பிலால் (ரலி) அவர்களோடு இவரும் நபியவர்களின் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவராக இருந்தார்கள். ரமளானில் பிலாலின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும் வரை உண்ணலாம், பருகலாம் என்பது நபியவர்களின் அறிவுறுத்தல். விடிந்துவிட்டது என்று பிறர் அறிவித்த பின்னரே இவர் பாங்கு சொல்வார்கள். விடியலைக் காண இயலாத ஒருவரின் குரலைக் கேட்டே ஊர் முழுவதும் நோன்பைத் தொடங்கியது. கண் பிறருடையது, குரல் அவருடையது. அவரால் இயலாததைச் சமூகம் நிறைவு செய்தது. சமூகத்துக்குத் தேவையானதை அவர் நிறைவு செய்தார்.

அறப்போருக்குச் செல்வோரின் சிறப்பைக் கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 95-ஆம் வசனம் எழுதப்பட்டபோது, தம்மால் இயலாமையை இவர் முறையிட்டார்கள். தக்க காரணமுடையோர் நீங்கலாக என்னும் சொல் அதில் சேர்ந்து அருளப்பெற்றது. ஆக, இறைமறையே இவருக்கு விலக்களித்துவிட்டது. ஆயினும் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், கி.பி. 636-ஆம் ஆண்டளவில் நடைபெற்ற காதிஸிய்யா போரில், கவசமணிந்து கறுப்புக் கொடியை ஏந்தி நின்றவர்களுள் இவரும் ஒருவர். பார்வையற்ற தம்மால் புறமுதுகிட்டு ஓட இயலாது. ஆகவே கொடி தம் கையில் இருப்பதே பொருத்தம் என்று அவர் கருதியதாக அறிவிப்புகள் உண்டு. குறையென்று உலகம் கண்டதையே தகுதியாகக் காட்டிய துணிவு இது. சலுகை அவருடைய உரிமை. அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் அவருடைய விருப்பம். அவருக்காகப் பிறர் முடிவு செய்யவில்லை.

அறிவவையில் ஒரு சிம்மாசனம்

அடுத்த தலைமுறையில் மக்காவின் மாபெரும் மார்க்க அறிஞராகத் திகழ்ந்த அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் விடுதலை பெற்ற அடிமைகளின் மரபில் வந்தவர், கறுத்த நிறத்தவர், ஒரு கண் பழுதுற்றவர், காலும் கையும் ஊனமுற்றவர், பிற்காலத்தில் இரு கண் பார்வையையும் இழந்தவர். ஆயினும் உமையாக்களின் ஆட்சியில், ஹஜ்ஜுக் காலத்தில் இவரைத் தவிர வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று பறைசாற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாம் சந்தித்தவர்களுள் இவரினும் சிறந்தவரைக் கண்டதில்லை என்னும் பொருள்பட இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். குலம், நிறம், உடல் என உலகம் அளக்கும் எல்லா அளவுகோல்களிலும் பின்தங்கிய ஒருவரை அறிவு ஒன்றே முன்னிறுத்தியது.

தனிமனிதரின் ஈமானும் ஊக்கமும் மட்டும் போதுமா? போதாது என்பதை அன்றைய சமூகம் உணர்ந்திருந்தது. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட கலீஃபா வலீத், பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் நடக்க இயலாதோருக்குப் பணியாளையும் அமர்த்தி, அவர்கள் இரந்துண்ணாதவாறு உதவித்தொகையும் வழங்கினார் என்று தபரீ குறிப்பிடுகிறார்.

கருவியைத் தாமே ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல்ஆமிதீ, இளமையிலேயே பார்வையிழந்த ஹன்பலி அறிஞர். நூல் வணிகரும் கூட. ஒவ்வொரு நூலையும் வாங்கியவுடன் தாளை முறுக்கி எழுத்து வடிவமாக்கி, அப்ஜத் எண்முறைப்படி அதன் விலையைக் குறித்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி வைப்பார். பின்னர் விரலால் தடவி விலையை அறிந்துகொள்வார். லூயி பிரெயில் தம் புள்ளியெழுத்து முறையை 1824-இல் வகுத்ததற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய முயற்சி இது. ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட உத்தியாதலால் பொதுமுறையாக வளரவில்லை. எனினும் தேவையும் ஊக்கமும் சேர்ந்தால் விரல்களும் படிக்கும் என்பதை அது காட்டிற்று.

இச்செய்தியை நமக்குத் தருபவர் 1363-இல் மறைந்த வரலாற்றறிஞர் கலீல் இப்னு ஐபக் அஸ்ஸஃபதீ. பார்வையற்ற சான்றோர்களின் வாழ்க்கை வரலாறுகளை மட்டுமே தொகுத்து, நக்துல் ஹிம்யான் என்னும் தனி நூலையே அவர் இயற்றினார். ஒரு தனி நூலை நிரப்பும் அளவுக்குப் பார்வையற்ற அறிஞர்களும் கவிஞர்களும் அந்நாகரிகத்தில் வாழ்ந்தனர் என்பதே அதன் பாடம்.

இம்மரபின் தொடர்ச்சியை அண்மைக் காலத்திலும் காணலாம். 1889-இல் எகிப்தியக் கிராமம் ஒன்றில் பிறந்து, பிழையான சிகிச்சையால் குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த தாஹா ஹுஸைன், அல்அஸ்ஹரில் பயின்றார்; 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்திலும் பின்னர்ப் பாரிஸிலும் முனைவர் பட்டம் பெற்றார்; 1950-இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். அவருடைய இலக்கியக் கருத்துகள் சிலவற்றை மறுத்த அறிஞர் பலர் உண்டு. ஆனால் தண்ணீரையும் காற்றையும் போலக் கல்வி அனைவருக்கும் உரியது என்று வாதாடி, பள்ளிக் கல்வியை இலவசமாக்குவதில் அவர் காட்டிய உறுதியை மறுப்பார் இலர்.

இனி நம்மைப் பார்ப்போம். நம் பள்ளிவாசல்களின் படிகளில் சக்கர நாற்காலி ஏறுமா? ஹவுளின் அருகே கால் இயலாத ஒருவர் அமர்ந்து உளூச் செய்ய இடம் உண்டா? ஜும்ஆ உரை செவிப்புலனற்றவரை எட்ட வழி செய்துள்ளோமா? நம் மதரஸாக்களில் பார்வையற்ற சிறுவர் எத்தனை பேர் ஓதுகின்றனர்? ஜமாஅத்தின் பொறுப்புகளுக்கு ஆள் தேடும்போது, உடற்குறையுடையோரின் பெயர் நம் நினைவுக்கு வருகிறதா? வீட்டிலேயே தொழலாம், அவருக்குச் சலுகை உண்டு என்று நாம் சொல்வது அவர் மீதுள்ள பரிவாலா, அன்றி ஒரு சாய்தளம் கட்டும் செலவுக்கு அஞ்சியா?

ஈமான் துணிவைத் தரும். அத்துணிவு செயலாக மலர ஒரு பணி வேண்டும். பணியை அடைய ஒரு பாதை வேண்டும். முதலாவதை அல்லாஹ் அருள்கிறான். மற்ற இரண்டும் நம் பொறுப்பில் உள்ளன.