கல்யாணச் சோறு மாட்டுக்கு ஆகுமா?

விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் கழுநீர்த் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். மாடும் ஆசையாகத் தின்கிறது. மறுநாள் பார்த்தால் தலையைத் தொங்கவிட்டு நிற்கும்; அசை போடாது. இடப்பக்க வயிறு உப்பியிருக்கும். சாணம் தண்ணீராகக் கழிந்து புளித்த வாடை வீசும். கண் குழிந்து, தள்ளாடிப் படுத்துவிட்டால் ஓரிரு நாளில் கறவை மாட்டையே இழக்க நேரிடும்.

சோற்றில் விஷம் ஏதுமில்லை. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் சோளத்தட்டையையும் செரிக்க வைப்பவை இவைதான். சோறு, பொங்கல், மாவு, தானியம் இவை திடீரென்று அதிகமாகச் சேர்ந்தால் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் பெருகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. 6 முதல் 7 வரை இருக்க வேண்டிய கார அமில நிலை 5க்கும் கீழே இறங்கிவிடும்.

உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை மாவுத் தீவனம் எதுவும் வேண்டாம். தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் கை மருந்து ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் அதுவே எமன். மருத்துவர் சோடா உப்புக் கொடுத்து அமிலத்தைத் தணிப்பார். பிறகு, நோயற்ற மாட்டின் வயிற்றுச் சாற்றைத் துணியில் வடிகட்டி, சூடு ஆறுமுன் சில லிட்டர் குழாய் வழியாகச் செலுத்துவதும் உண்டு. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது.

கடைகளில் 'புரோபயாடிக்' என்று விற்கும் பொட்டலங்களும் இவ்வகையே. பலவற்றில் இருப்பது உயிருள்ள ஈஸ்ட்; ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் அதே இனம். கன்று ஈன்ற சமயத்திலும், தீவனம் மாற்றும்போதும் இதனால் பயன் உண்டு. உயிருள்ள பொருளாகையால் சூடான கஞ்சியில் கலக்காதீர்கள். காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் சோறு தின்று சாய்ந்த மாட்டை இந்தப் பொட்டலம் எழுப்பாது.

காசில்லாத வழியும் இருக்கிறது. புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். தவிடு, பிண்ணாக்கை ஒரே வேளையில் வைக்காமல் பிரித்து வையுங்கள். அதற்கு முன்பாகக் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள். நன்றாக மென்று அசை போடும் மாட்டுக்கு உமிழ்நீர் நிறைய ஊறும். அமிலத்தைத் தணிக்கும் சோடா அந்த உமிழ்நீரிலேயே இருக்கிறது.

மிஞ்சிய சோறு எருக்குழிக்குப் போகட்டும். மேலே மண் தள்ளி மூடிவிடுங்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தின்னும் மாடுகளும் உண்டு.